உப்பு, தகடு, பிரதி: அச்சோவியம் படிப்பது என்றால் என்ன?

கொழும்பிலிருந்து புத்தளம் போகும் வீதியில், நகரத்துக்குச் சற்று முன்னால் வருவது பாலாவிச் சந்தி. இடதுபக்கம் திரும்பினால் கற்பிட்டி வீதி. நேரே போனால் களப்புக் கரையோரமாக உப்பளங்கள். 'உப்புத்தளம்' என்பதுதான் புத்தளம் ஆயிற்று என்று ஊரில் சொல்வார்கள். வெயில் காலத்தில் பாத்திகளின் ஓரம் வெள்ளையாகக் குவிந்திருக்கும் உப்பைப் பார்த்தால் அந்தப் பெயர் விளக்கத்தை நம்பத்தான் தோன்றும்.

இந்தப் பக்கத்தில் ஒருபோதும் வேலை குறையாத கடை போட்டோ கொப்பிக் கடை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில்தான் வந்து தங்கினார்கள். சில மணித்தியால அவகாசத்தில் வீட்டை விட்டு வந்தவர்களிடம் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் எல்லாம் இருக்கவில்லை. அதன்பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, அலுவலகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி, அந்தப் பிரதிக்கு ஒரு பிரதி என்று பிளாஸ்டிக் உறைகள் தடித்துக்கொண்டே போகின்றன.

அப்படி ஒரு குடும்பத்தின் பிள்ளை எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறாள். உயர்தரத்தில் சித்திரம் ஒரு பாடம். பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும் நாட்களில், நுண்கலை படிக்கப் போனால் பிரிண்ட்மேக்கிங் என்று ஒன்று இருக்கிறதாமே, அது என்ன என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கும் முன்பே அவளுடைய உம்மா கேட்டுவிட்டார்: "அது பிரஸ்ல வேலை செய்யுற படிப்பா தம்பி?"

அந்தக் கேள்விக்குச் சொன்ன பதிலின் விரிவுதான் இந்தக் கட்டுரை. தமிழில் இதை அச்சுப்பதிப்புக் கலை, பதிப்போவியம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். நான் இங்கே அச்சோவியம் என்று எழுதுகிறேன்.

நான்கு குடும்பங்கள்

நேரடியாகக் காகிதத்தில் வரையாமல், வேறொரு பரப்பில் உருவத்தை ஆக்கி, அதில் மை பூசி, அதிலிருந்து காகிதத்துக்கு மாற்றுவதே அச்சோவியம். பாலர் வகுப்பில் வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டி, சாயத்தில் தோய்த்து, கொப்பியில் பூப் பூவாகக் குத்திய எல்லோரும் இதைச் செய்தவர்கள்தான். எந்தக் கலைக் கல்லூரியிலும் இதை நான்கு குடும்பங்களாகப் பிரித்துத்தான் கற்பிப்பார்கள்.

முதலாவது மேட்டு அச்சு. வேண்டாத இடத்தைச் செதுக்கி எடுத்துவிட்டால், மேடாக நிற்கும் பகுதியில் மட்டும் மை பிடிக்கும். மரச்செதுக்கு, லினோ, அலுவலக ரப்பர் முத்திரை எல்லாம் இந்த வகை. நான்கிலும் இதுவே பழையது. கி.பி. 868ஆம் ஆண்டு என்று திகதியிடப்பட்ட சீன மொழி வைர சூத்திரம் மரப்பலகைகளால் அச்சிடப்பட்டது. இன்று அது லண்டனில் பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது.

இரண்டாவது குழி அச்சு. இங்கே எல்லாம் தலைகீழ். உலோகத் தகட்டில் கீறிய கோட்டுக்குள் மையைத் திணித்து, மேற்பரப்பைத் துடைத்துவிட வேண்டும். பிறகு ஈரமாக்கிய காகிதத்தை மேலே வைத்து, கம்பளித் துணியால் மூடி, இரண்டு உருளைகளுக்கு இடையே அழுத்தி ஓட்டினால் காகிதம் குழிக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டில் இதை வளர்த்தவர்களில் பொற்கொல்லர்கள் முக்கியமானவர்கள். நகையில் செதுக்கிய கை தகட்டில் செதுக்கியது. ஊசியால் நேரே கீறுவது, மெழுகு பூசிக் கீறி அமிலத்தில் அரிக்கவிடுவது, பொடி தூவிச் சாம்பல் நிறத் தொனி எடுப்பது என்று இதற்குள்ளேயே பல முறைகள்.

மூன்றாவது சமதள அச்சு, அதாவது கல்லச்சு. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே உண்மையில் நிற்பது. ஜேர்மனியில் அலோய்ஸ் செனபெல்டர் என்ற நாடகாசிரியர், தன் நாடகங்களைச் செலவில்லாமல் அச்சிட வழி தேடி, 1796 அளவில் இதைக் கண்டுபிடித்தார். கொழுப்புள்ள பென்சிலால் கல்லில் வரைந்து, கல்லை நனைத்து, மை உருளையை ஓட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். அவர் பயன்படுத்தியது பவேரியாவில் கிடைக்கும் மிக நுண்ணிய சுண்ணாம்புக்கல். சுண்ணாம்புக்கல் என்றால் நமக்கு நினைவு வருவது அருவக்காடும் சீமெந்துத் தொழிற்சாலையும். அதே இனத்துக் கல்லில் ஐரோப்பா படம் அச்சடித்தது. இன்றைய ஓப்செற் அச்சு கல்லச்சின் நேரடி வாரிசு.

நான்காவது துளை அச்சு. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் சில இடங்களை அடைத்து, மிச்ச இடத்தால் மையைத் தள்ளுவது. ரீஷேட், துணிப்பை, பதாகை என்று ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும் கடை ஒவ்வொரு சிறு நகரத்திலும் உண்டு. அங்கே நடப்பதற்கும் கலைக் கல்லூரியில் நடப்பதற்கும் தொழில்நுட்பத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது.

இவற்றோடு இரண்டு கிளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். கண்ணாடியிலோ தகட்டிலோ மையால் வரைந்து ஒரே ஒரு பிரதி எடுப்பது மோனோடைப். அட்டை, நூல், இலை, மணல் போன்றவற்றை ஒட்டி அதையே தகடாக்குவது கொலாகிராப். இந்தப் பெயரை 1950களில் வைத்தவர் அமெரிக்க அச்சோவியரான கிளென் அல்ப்ஸ்.

முதல் மூன்று குடும்பங்களிலும் உருவம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி விழும். 'ப' எழுதினால் தப்பிவிடலாம். 'ட' எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். எழுத்தைத் திருப்பி எழுதிப் பழகுவது முதலாம் வருடத்தின் முதல் பாடம்.

மூலம் எது?

ஓவியத்தில் மூலம் ஒன்று, மற்றதெல்லாம் நகல். அச்சோவியத்தில் தகடு மூலம் அல்ல. அது ஒரு கருவி. அதிலிருந்து ஓவியர் எடுக்கும் ஒவ்வொரு தாளும் மூலம்தான்.

இதற்கென்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. இருபது பிரதி எடுப்பது என்று முடிவு செய்தால் ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் 1/20, 2/20 என்று எழுதிக் கையொப்பமிடுவார்கள். ஓவியர் தனக்கென எடுத்துவைக்கும் சில பிரதிகள் வேறாகக் குறிக்கப்படும். தொகுதி முடிந்ததும் தகட்டின் குறுக்கே ஒரு கோடு கீறி, இனி இதிலிருந்து அச்சிட முடியாது என்று செய்துவிடுவதும் வழக்கம். 3/20 என்பது 1/20ஐ விடத் தரம் குறைந்தது அல்ல.

நம் வீடுகளில் தொங்கிய படங்களையும் இந்த இடத்தில் யோசித்துப் பார்க்கலாம். ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, தன் ஓவியங்களைக் கல்லச்சில் வண்ணப் படங்களாக வெளியிட்டார். கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்த கடவுள் படங்கள் சிவகாசி நாட்காட்டிகளில் ஏறி, கடல் கடந்து நம் ஊர்ச் சுவர்களுக்கும் வந்தன. நூதனசாலைக்குப் போகாத மக்களுக்கு ஓவியம் என்று தெரிந்ததெல்லாம் அச்சு வழியாக வந்ததுதான். ஆனால் "பிரிண்ட்தானே" என்ற சொல்லில் இருக்கும் ஏளனம் இன்னும் போகவில்லை. அச்சோவியம் படிக்கப் போகிறவர் முதலில் கழற்றி வைக்க வேண்டியது இந்த ஏளனத்தை.

பரிசோதனை எங்கே தொடங்குகிறது

நான்கு முறைகளையும் சுத்தமாகச் செய்யப் பழகுவது பயிற்சி. கலைக் கல்லூரி அதற்கு மேலும் ஒன்றைக் கேட்கிறது. நூறு ஆண்டுகளாக அச்சோவியப் பட்டறைகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் மூன்று கேள்விகளாக அதைப் பிரித்துப் பார்க்கலாம்.

முதற்கேள்வி: எது தகடு?

1927இல் பாரிஸில் ஸ்டான்லி வில்லியம் ஹேய்டர் தொடங்கிய பட்டறை பின்னர் அத்தெலியே 17 என்று பெயர் பெற்றது. அங்கே ஆசிரியரும் மாணவரும் ஒரே மேசையில் சேர்ந்து தகட்டோடு போராடினார்கள். ஆந்திராவில் சித்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் 1925இல் பிறந்த கிருஷ்ண ரெட்டி அங்கே போய்ச் சேர்ந்தார். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் படித்தவர், சென்னைக் கலாக்ஷேத்திராவில் கற்பித்தவர், அடிப்படையில் சிற்பி. தகட்டை அவர் படம் வரையும் பரப்பாகப் பார்க்காமல், ஆழம் குறைந்த ஒரு சிற்பமாகப் பார்த்தார். வெவ்வேறு ஆழங்களில் அரித்த தகட்டில், எண்ணெய் கூடிய மையையும் எண்ணெய் குறைந்த மையையும், மென்மையான உருளையாலும் கடினமான உருளையாலும் மாறி மாறி ஏற்றினால், ஒரு மை மற்றதன் மேல் ஒட்டாமல் தன் மட்டத்திலேயே நிற்கும். நிறத்துக்கு ஒரு தகடு என்றிருந்த வேலை, ஒரே தகட்டில், ஒரே ஓட்டத்தில் பல நிறமாக முடிந்தது. கைகோ மோத்தி என்ற இன்னொரு இந்தியரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய இந்த முறை இன்று உலகெங்கும் பாடத்திட்டத்தில் இருக்கிறது. ரெட்டி 2018இல் நியூயோர்க்கில் காலமானார்.

அமெரிக்க ஓவியர் ரொபர்ட் ரோஷன்பேர்க் 1953இல் இன்னும் ஒரு படி போனார். தட்டச்சுத் தாள்கள் இருபதை வரிசையாக ஒட்டித் தெருவில் விரித்தார். இசைக் கலைஞர் ஜோன் கேஜ் தன் காரை அதன் மேல் ஓட்ட, மை பூசிய ரயர் தாளின் நீளத்துக்கும் தடம் விட்டுப் போனது. கார்தான் பிரஸ், ரயர்தான் தகடு.

இரண்டாவது கேள்வி: மை கட்டாயமா?

சோம்நாத் ஹோர் 1921இல் சிட்டகொங்கில் பிறந்தவர். 1943 வங்கப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்து வரைந்தவர். சாந்திநிகேதன் கலா பவனத்தில் அச்சோவியத் துறையை வழிநடத்தினார். 1970களில் அவர் செய்த 'காயங்கள்' வரிசையில் மையே கிடையாது. களிமண்ணிலோ மெழுகிலோ கத்தியால் குத்தி, கீறி, சுட்டு, அதிலிருந்து சீமெந்தில் ஓர் அச்சு எடுப்பார். அந்தச் சீமெந்து அச்சில் காகிதக் கூழை அழுத்திக் காயவிட்டு உரித்தெடுப்பார். வெள்ளைத் தாளில் வெள்ளையாகவே காயம் நிற்கும். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் தெரியும். போரைப் பார்த்த நம் பிள்ளைகள் இந்த வரிசையைக் கட்டாயம் தேடிப் பார்க்க வேண்டும். இரத்தத்தைச் சிவப்பில் தீட்டாமலே காயத்தைக் காட்டலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மூன்றாவது கேள்வி: பிரதி எதற்கு?

ஸரீனா 1937இல் அலிகாரில் பிறந்தார். கணிதம் படித்தவர். இந்தியப் பிரிவினைக்குப் பிறகு குடும்பம் பாகிஸ்தானுக்குப் போனது. அவர் பாங்கொக், பாரிஸ், தோக்கியோ, நியூயோர்க் என்று ஊர் ஊராக வாழ்ந்தார். 1999இல் அவர் செய்த தொகுதி 36 மரச்செதுக்குகளைக் கொண்டது. வீடு ஓர் அந்நிய இடம் என்பது அதன் தலைப்பு. வாசல், முற்றம், சுவர் என்று ஒவ்வொரு உருதுச் சொல்லுக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். 2001இல் இந்திய பாகிஸ்தான் எல்லைக்கோட்டை மட்டும் ஒரு மரப்பலகையில் செதுக்கி அச்சிட்டார். இழந்த வீட்டை ஒரு முறை வரைந்தால் அது நினைவு. அதையே பல பிரதிகளாக எடுத்தால், வீட்டை இழந்த இன்னொருவரின் சுவருக்கும் அது போய்ச் சேரலாம். 2020இல் ஸரீனா லண்டனில் காலமானார்.

நம் நாட்டில் இதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனின் 'முற்றுப்பெறாத தோம்பு'. 2011இல் வெளியான கலைஞர் நூல். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடு. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தமிழ், முஸ்லிம் மக்கள் தாங்கள் விட்டு வந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறிக் கொடுத்தார்கள். அந்தக் கோடுகள், கட்டடக் கலைஞரின் வரைபடம், ஓவியரின் சித்திரம் என்று ஒரு அலுவலகக் கோப்பின் வடிவில் அந்த நூல் அடுக்கப்பட்டிருக்கிறது. தகடு, பிரஸ் என்ற பொருளில் இது அச்சோவியம் அல்ல. ஆனால் பிரதியாவதற்கென்றே ஆக்கப்பட்ட கலை. மூல உறுதி தொலைந்தவர்களுக்கு ஒரு பிரதி என்ன பொருள் தரும் என்று கேட்கும் இந்த நூலைப் புத்தளத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

எங்கே படிக்கலாம்

இலங்கையில் தமிழில் கட்புலக் கலை படிக்க இரண்டு முக்கிய இடங்கள். ஒன்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த மருதனார்மடம் இராமநாதன் நுண்கலைக் கழகத்தின் வழி வந்த கற்கைநெறி. மற்றது, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் மட்டக்களப்பு கல்லடியில் இயங்கும் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். கொழும்பில் 2005இல் தனிப் பல்கலைக்கழகமாக்கப்பட்ட கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் பெரும்பாலும் சிங்கள மொழிமூலம் இயங்குவது. உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது. இந்தக் கற்கைநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. வரைதல் பயிற்சியை விட்டுவிட்டுப் புள்ளியை மட்டும் நம்பிப் போகக்கூடாது.

இந்தியாவில் கலா பவனமும் பரோடாவின் நுண்கலைப் பீடமும் அச்சோவியத்தில் நீண்ட மரபு உள்ளவை. இலங்கை மாணவர்களுக்கு இந்திய அரசின் புலமைப்பரிசில்கள் உண்டு. நம் ஓவியர்களில் சிலர் அப்படிப் போய்ப் படித்தவர்கள்தான். சென்னையில் 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளியே இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. அங்கே படித்த ஆர்.எம். பழனியப்பன், தேவகோட்டையில் 1957இல் பிறந்தவர், தமிழர்களில் அச்சோவியத்தை உலக அளவுக்குக் கொண்டுபோனவர். சிறுவயதில் விமானங்களின் மேல் இருந்த ஈர்ப்பு அவருடைய தாள்களில் எண்களாகவும் பறத்தலின் கோடுகளாகவும் வந்தது. 1991இல் அமெரிக்காவின் டாமரின்ட் நிறுவகத்தில் கல்லச்சில் மேற்பயிற்சி பெற்றார். சென்னை கிரீம்ஸ் வீதியில் உள்ள லலித் கலா அகாதெமி மையத்தில் ஓவியர்கள் வந்து வேலை செய்யக்கூடிய அச்சோவியப் பட்டறை இருக்கிறது.

எங்கே விண்ணப்பிப்பதானாலும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில:

- குழி அச்சுக்கான பிரஸ் இருக்கிறதா, அது இப்போது ஓடுகிறதா?
- வகுப்பு நேரத்துக்கு வெளியே மாணவர் அதைப் பயன்படுத்தலாமா?
- அமில அறைக்குக் காற்றோட்டம் எப்படி?
- காகிதமும் மையும் யார் செலவு?
- அச்சோவியம் ஒரு தவணைப் பாடமா, கடைசி வருடம் வரை எடுத்துப் போகக்கூடியதா?

பட்டறையில் ஒரு நாள்

படம் வரைபவர் தனியாக இருக்கலாம். அச்சோவியம் படிப்பவரால் முடியாது. பிரஸ் ஒன்று, மாணவர் பத்துப் பேர். ஒருவர் மை துடைக்கும்போது இன்னொருவர் சுத்தமான கையோடு காகிதத்தைப் பிடிக்க வேண்டும். வேலை முடிந்தால் மேசையைத் துடைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவரின் வெள்ளைத் தாளில் உங்கள் கைரேகை இருக்கும்.

நேரமும் வேறு மாதிரி ஓடும். காலையில் காகிதத்தை நனைத்து வைப்பது, தகட்டின் ஓரங்களை அரத்தால் சரிவாக ராவுவது, மெழுகு பூசுவது, கீறுவது, அமிலத்தில் இத்தனை நிமிடம் என்று கணக்கு வைத்து இறக்குவது. மத்தியானத்துக்குப் பிறகுதான் முதல் சோதனைத் தாள் வரும். அது நினைத்த மாதிரி இருக்காது. கோடு மெல்லிசாகியிருக்கும், அல்லது அமிலம் மெழுகுக்கு அடியில் புகுந்து ஒரு கறை போட்டிருக்கும். அந்தக் கறையை வைத்துக்கொள்வதா, சுரண்டி எடுப்பதா என்பதுதான் அன்றைய பாடம். நல்ல ஆசிரியர் ஒவ்வொரு சோதனைத் தாளையும் வரிசையாகச் சுவரில் குத்தச் சொல்வார். எந்த இடத்தில் படம் உயிர் பெற்றது, எந்த இடத்தில் செத்தது என்று அந்த வரிசையிலே பார்க்கலாம். வேறு எந்தக் கலையிலும் தவறு இவ்வளவு தெளிவாகத் திகதியோடு பதிவாகாது.

உப்பு

இனி நம் ஊர்ச் சரக்கு. உப்புக்கும் அச்சோவியத்துக்கும் பழைய தொடர்பு இருக்கிறது.

தகட்டில் பூசிய மெழுகு இன்னும் சூடாக இருக்கும்போது அதன் மேல் உப்பைத் தூவினால், பரல்கள் மெழுகுக்குள் இறங்கி உலோகத்தைத் தொடும். ஆறிய பிறகு தண்ணீரில் கழுவினால் உப்புக் கரைந்து, பரல் இருந்த இடமெல்லாம் நுண்ணிய துளையாக நிற்கும். அமிலம் அந்தத் துளைகளால் மட்டும் அரிக்கும். அச்சில் அது மணல் தூவியது போன்ற தொனியாக வரும். தூள் உப்பு ஒரு மாதிரி, கல் உப்பு வேறு மாதிரி.

இரண்டாவது, அமிலத்துக்குப் பதிலாகவே உப்பு. நைத்திரிக் அமிலத்தில் எழும் நச்சு வாயு பட்டறைகளின் பழைய தொல்லை. அதனால் இன்று பல கல்லூரிகளில் செப்பு சல்பேற்றையும், அதாவது மயில்துத்தத்தையும், சாதாரண உப்பையும் தண்ணீரில் கரைத்து அலுமினியம், நாகத் தகடுகளை அரிக்கிறார்கள். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒவ்வொன்றும் 50 முதல் 75 கிராம் வரை, சம அளவு. உப்புச் சேர்ந்தால்தான் அரிப்பு வேகமெடுக்கும். செம்புத் தகட்டுக்கு இது ஆகாது. அதற்குப் பெரிக் குளோரைட்டுதான். அலுமினியத்துக்கு அச்சகங்களில் கழிக்கும் ஓப்செற் தகடுகளின் பின்பக்கமே போதும்.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அமிலம் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. அலுமினியத்தில் கரைசல் சூடேறும், குமிழி விடும். கையுறையும் கண்ணாடியும் காற்றோட்டமும் வேண்டும். முதல் தடவை தெரிந்த ஒருவரின் முன்னால்தான் செய்ய வேண்டும். செம்பு மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சு. நீல நிறம் போன கரைசலைக் களப்பிலோ கானிலோ ஊற்றக் கூடாது. சலவைச் சோடா சேர்த்துப் படியவிட்டு, அந்தப் படிவை இரசாயனக் கழிவாகவே ஒப்படைக்க வேண்டும். ஏற்கனவே பல கழிவுகளைச் சுமக்கும் இந்தக் கரைக்கு நாங்களும் ஒன்றைச் சேர்க்கத் தேவையில்லை.

உப்பைப் பற்றி இன்னொரு படம். 1930இல் காந்தி உப்புச் சத்தியாக்கிரகத்துக்காகத் தண்டிக்கு நடந்தபோது, நந்தலால் போஸ் தடி ஊன்றி நடக்கும் அவருடைய உருவத்தைக் கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளாக லினோவில் செதுக்கினார். மிகக் குறைந்த கோடுகள். அந்த நடையை நினைக்கும்போது பலருக்கு மனதில் வரும் உருவம் இன்றும் அதுதான். எண்ணெய் ஓவியமாக இருந்திருந்தால் ஒரு சுவரோடு நின்றிருக்கும்.

பிரஸ் இல்லாத ஊரில்

அச்சோவியப் பட்டதாரிகளின் பொதுவான கவலை ஒன்று உண்டு. படிப்பு முடிந்த மறுநாள் பிரஸ் இல்லை. ஊரில் அப்படி ஒரு இயந்திரமும் இல்லை, வாங்கப் பணமும் இல்லை. தூரிகையை வீட்டுக்குக் கொண்டு வரலாம், பிரஸைக் கொண்டுவர முடியாது. பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள்.

பரிசோதனை என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் இங்கேதான் வருகிறது. மேட்டு அச்சுக்குப் பிரஸ் தேவையே இல்லை. தாளை மேலே வைத்து, சிரட்டை அகப்பையின் அடிப்பக்கத்தால் வட்டம் வட்டமாகத் தேய்த்தால் போதும். ஜப்பானிய மரச்செதுக்குக்காரர்கள் மூங்கில் ஓலை சுற்றிய ஒரு தட்டையால் இதைத்தான் செய்தார்கள். லினோ கிடைக்காவிட்டால் தேய்ந்த பாட்டாச் செருப்பின் அடி. உலோகத் தகடு இல்லாவிட்டால் பால் வரும் அட்டைப் பெட்டியின் உட்பக்கம். அதன் பளபளப்பான உறையில் ஊசியால் கீறி, மை துடைத்து, நூடில்ஸ் பிழியும் சிறிய உருளை இயந்திரத்தில் ஓட்டி எடுப்பவர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். ஜப்பானில் 19ஆம் நூற்றாண்டில் மீனவர்கள் பிடித்த மீனின் மேலேயே மை பூசித் தாளில் பதித்து அளவைப் பதிவு செய்தார்கள். கியோத்தாக்கு என்று பெயர். கற்பிட்டிக் கரையில் தகடுகளுக்குப் பஞ்சமில்லை என்று அர்த்தம்.

காகிதம்தான் சிக்கல். 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டதை நாங்கள் மறக்கவில்லை. குழி அச்சுக்கு ஏற்ற பருத்திக் காகிதம் இறக்குமதிப் பொருள், விலையும் அதற்கேற்றபடி. பழைய கொப்பித் தாளையும் வாழைநாரையும் ஊறவைத்து இடித்துக் கூழாக்கி, சல்லடையில் ஊற்றித் தாள் செய்வதை ஒரு தவணைப் பாடமாகவே எடுக்கலாம். சோம்நாத் ஹோர் கடைசியில் வந்து சேர்ந்ததும் அந்தக் கூழுக்குத்தான்.

படித்துவிட்டு?

உம்மாமார் கேட்பது இதைத்தான். நேர்மையான பதில்: புத்தளத்தில் அச்சோவியம் வாங்கும் சந்தை கிடையாது. கொழும்பில் சிறிய அளவில் இருக்கிறது. 2013இல் தொடங்கிய கொழும்புஸ்கோப் விழாவும், 2019இல் மும்மொழியில் தொடங்கிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகமும் இளம் ஓவியர்களுக்கு வாசலைத் திறந்திருக்கின்றன. ஆனால் அதை நம்பி மட்டும் ஒரு குடும்பம் நடக்காது.

பெரும்பாலானவர்கள் சித்திர ஆசிரியர்களாகிறார்கள். அதில் குறை எதுவும் இல்லை. வெண்டிக்காய் அச்சோடு நின்றுவிடாத ஓர் ஆசிரியர் ஒரு பாடசாலையையே மாற்றலாம். துணி வடிவமைப்பு, நூல் வடிவமைப்பு, பொதி வடிவமைப்பு, ஸ்கிரீன் பிரிண்டிங் தொழில், ஆவணக் காப்பகங்களில் பழைய காகிதங்களைப் பேணும் வேலை என்று வேறு வழிகளும் உண்டு. மையும் காகிதமும் ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்ளும் என்று கையால் அறிந்தவர்களுக்கு அங்கே இடமிருக்கிறது. ஒரு மூலத்தை ஒருவருக்கு விற்பதற்குப் பதிலாக இருபது பிரதிகளை இருபது பேருக்குக் குறைந்த விலையில் விற்கலாம் என்பதும் இந்தக் கலையின் பொருளாதாரம். பணம் குறைந்த ஊர்களுக்கு அது பொருந்தும்.

"ஓம் ராத்தா, பிரஸ்லதான் வேலை" என்றுதான் பக்கத்து வீட்டில் தொடங்கினேன். அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் மேலே இருக்கிறது. அவர் முழுதாக நம்பவில்லை. உளச்சார்புப் பரீட்சை எப்போது, யாழ்ப்பாணத்துக்கு பஸ் எத்தனை மணிக்கு, தங்க இடம் இருக்கிறதா என்று கேட்டார். அவர் சிறு பிள்ளையாக வெளியேறிய ஊர் அது. மகள் அங்கே படிக்கப் போவதென்றால் அது வெறும் பல்கலைக்கழகத் தெரிவு அல்ல என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பிள்ளை ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினாள். பழைய செருப்பின் அடியில் பிளேட்டால் 'பாலாவி' என்று செதுக்கி, முத்திரை மையில் ஒற்றியிருந்தாள். எழுத்து எல்லாம் மறுபக்கம் திரும்பியிருந்தது. முதல் 'ப' மட்டும் தப்பியிருந்தது. ஆனாலும் தாளின் கீழே பென்சிலால் 1/10 என்று எழுதியிருந்தாள். மிச்சம் ஒன்பதையும் எடுத்துவிட்டு வா, பிறகு திருத்துவோம் என்றேன்.